ஐயரவர்கள் எழுதிய வாழ்க்கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உ.வே. சாமிநாதையரைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு எனப் பதிப்புகளின் வரிசையைக் கட்டுரையாளர் செம்மையாகத் தந்திருக்கிறார். ஐயர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளுக்கோ ஒரே ஒரு வாக்கியந்தான் கிடைத்திருக்கிறது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர் என்ற சித்திரம் நம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டதால், ஒரு புலவரின் வாழ்வை எப்படி விசாரித்து எழுத வேண்டும் என்று தமிழுக்குக் காட்டியவரும் அவரே என்பது மறந்துபோகிறது.

அவர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். பிள்ளை மறைந்தது 1876இல். நூல் வெளிவரத் தொடங்கியபோது ஐயருக்கு வயது எழுபத்தெட்டு. அவர் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சென்றதே 1871இல்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1815இல் பிறந்த ஒருவரின் வாழ்வில் ஐயர் கண்ணால் கண்டது கடைசி ஐந்து ஆண்டுகள் மட்டுமே. அதற்கு முந்தைய ஏறத்தாழ ஐம்பத்தாறு ஆண்டுகளையும் மூத்த மாணாக்கர்களிடமும் பழகிய அன்பர்களிடமும் கேட்டும், கடிதங்களிலிருந்தும், நூல்களைப் பாராட்டிப் பிற புலவர்கள் பாடித் தரும் சிறப்புப்பாயிரங்களிலிருந்தும் திரட்டியும்தான் எழுத வேண்டியிருந்தது. பிள்ளையின் மூத்த மாணாக்கரும், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த பதவியை 1880இல் ஐயருக்குப் பெற்றுத் தந்தவருமான தியாகராச செட்டியார் 1888இலேயே காலமாகிவிட்டார். அவரிடம் கேட்டறிந்தவற்றையெல்லாம் நூல் வெளிவருவதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஐயர் மனத்தில் சேர்த்து வைத்திருந்தார் என்றாகிறது. சிந்தாமணி அச்சேறிக்கொண்டிருந்த காலத்திலேயே இன்னொரு நூலும் அவருக்குள் வளர்ந்துகொண்டிருந்தது என்றே நான் கொள்கிறேன்.

ஆசிரியரைத் தெய்வமாகப் போற்றியவர் எழுதிய நூல் என்பதில் ஐயமில்லை. பக்கம் பக்கமாக வரும் செய்யுட்கள் இன்றைய வாசகரைச் சோர்வடையச் செய்யும் என்பதையும் மறுக்கவில்லை. அப்படியிருந்தும், பிள்ளையின் வறுமையையும் கடன் தொல்லையையும் அவர் மூடி மறைக்கவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்தபோது, இலக்கணப் பிழைகள் மலிந்த நூல் என்று எண்ணிப் பிள்ளை நாள் கடத்தியதையும், ஒரு நாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தமக்குத்தாமே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு மனம் உருகிப் பாயிரம் கொடுத்ததையும் ஐயர் எழுதியிருக்கிறார். குருவின் பிடிவாதத்தை முதலில் காட்டிய பிறகே அவருடைய கனிவைக் காட்டுகிறார். அந்த வரிசையில்தான் பிள்ளை நமக்கு ஒரு மனிதராகத் தெரிகிறார். பிள்ளையின் இறுதி நேரத்தில் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர். அருகில் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தவர் ஐயர். இந்தச் செய்தியை அவர் எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லிச் செல்கிறார்.

பின்னாளில் தொ.மு.சி. ரகுநாதன் புதுமைப்பித்தன் மறைந்த மூன்றே ஆண்டுகளில், 1951இல், தம் நண்பரின் வரலாற்றை எழுதினார். அதன் வேகமும் சூடும் வேறு. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

இதையெல்லாம் கீழக்கரையிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் இராமநாதபுரச் சீமை புலவர்களைப் புரந்ததில் யாருக்கும் பின்தங்கியதில்லை. ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்கு உதவிய பொன்னுசாமித் தேவரும், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அவருடைய மகன் பாண்டித்துரைத் தேவரும் இந்த மண்ணினர். ஐயரின் பதிப்புப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்களில் பாண்டித்துரைத் தேவரும் ஒருவர். தனிப்பாடல் திரட்டைத் தொகுக்கச் செய்தவரும் பொன்னுசாமித் தேவரே. ஆனால் அந்தத் திரட்டிலும் அதையொட்டி வளர்ந்த கதைகளிலும் நமக்குக் கிடைப்பவை துணுக்குகள்: ஒரு சிலேடை, ஒரு பரிசு, ஒரு சாபம். எங்கள் ஊர் வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலத்தில் நின்று படிக்காசுப் புலவர் பாடியபோது மோதிரத்துடன் கை வெளியே நீண்டது என்ற கதையை இங்கே சிறுபிள்ளைகளும் சொல்வார்கள். சீதக்காதி ஆதரித்த உமறுப்புலவர் எப்படி வாழ்ந்தார், யாரிடம் படித்தார், சீறாப்புராணத்தை எந்த நிலையில் எழுதினார் என்று கேட்டால் பெரும்பாலும் இப்படிப்பட்ட கதைகளே பதிலாக வருகின்றன. எனக்கும் அந்தக் கதைகள் பிடிக்கும். ஐயர் எழுதியிருந்தால் அவற்றை விலக்கியிருக்கமாட்டார். இதை இன்னார் சொல்லக் கேட்டேன் என்று ஒரு குறிப்பைச் சேர்த்திருப்பார்.

பதினேழாம் நூற்றாண்டுக்குச் சாட்சி தேடுவது இனி அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலை அப்படியன்று. அரபு எழுத்தில் எழுதும் தமிழான அரபுத்தமிழில் நூல்கள் இயற்றி 1898இல் மறைந்த மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலத்தவர். அக்காலத்துக் கையெழுத்து நூல்கள், கடிதங்கள், கப்பல் வணிகக் கணக்குகள் போன்றவை இந்தக் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் இன்னும் ஆங்காங்கே இருக்கின்றன. வீடு இடித்துக் கட்டும்போது அவையும் மண்ணோடு போகின்றன. சமஸ்தானப் புலவர்களின் வழிவந்த குடும்பங்களிலும் இதே நிலைதான்.

ஆகவே, ஐயரின் வாழ்க்கை வரலாற்று நூல்களைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை வெளியிடுமாறு வேண்டுகிறேன். அத்துடன், கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம் பகுதிகளில் பழைய புலவர்கள், ஆலிம்கள் தொடர்பான தாள்களை வைத்திருப்பவர்கள் அவற்றின் விவரத்தைத் தங்களுக்கு எழுதலாம் என்று ஓர் அறிவிப்பும் வெளியிட்டால், இந்த ஊர்ப் பகுதியில் நேரில் சென்று பார்த்துக் குறிப்பெடுத்து அனுப்ப நானும் இங்குள்ள சில நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.