மூன்று சதம் உங்கள் வீட்டில் இருக்கிறதா?

அன்புள்ள தாசுக்கு,

மகள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்ற கோபம் உனக்கு இன்னும் ஆறியிருக்காது. ஆற வேண்டாம், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். முட்டுவலிதான் காரணம், நம்பினால் நம்பு. ஜெயா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். இங்கே சாரல் விடவில்லை, பத்து நாளாக ரப்பர் வெட்டு இல்லை, மற்றபடி எல்லாரும் சுகம்.

இப்போது விஷயம். இரணியல் வீட்டின் மச்சைப் பிரித்தோம் மக்கா. கரையான் உத்திரம் வரை ஏறிவிட்டது. பத்தாயத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், பாட்டாவின் கொழும்புப் பெட்டி. அதைத் திறந்ததற்காக நாம் இரண்டு பேரும் புளியமாறால் வாங்கினோமே, அதே பெட்டிதான். நான் அழுதேன், நீ அழவில்லை என்று இன்றுவரை பெருமை பேசுகிறாய். உள்ளே ஒரு கண்ணாடிக் கூடு, துருப்பிடித்த பூட்டு, பூச்சி அரித்த கணக்குப் புத்தகம், அப்புறம் கொல்லம் 1118-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம். 1942 ஆவணியில் தொடங்குகிற வருஷம் அது. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் நடுவில் ஒரு இலங்கை ஒரு ரூபாய் நோட்டு, கூடவே தபால்தலை மாதிரி ஒரு சின்னக் காகிதத் துண்டு.

ரூபாய் நோட்டைப் பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், பின்பக்கம் அலங்காரம் போட்ட யானைத் தலை, தொகை சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. அக்கா மகன் செல்போனில் ஏதோ வீடியோ காட்டி, மாமா இது லட்சத்துக்குப் போகும் என்றான். அன்று இரவே ஒருவன் கூப்பிட்டு, நோட்டைப் பார்க்காமலே நாலு லட்சம் என்று விலை வைத்து, பதிவுக் கட்டணம் மட்டும் முன்கூட்டி அனுப்பச் சொன்னான். அனுப்பியிருப்பேன். ஜெயாதான் போனைப் பிடுங்கி வைத்தாள். பழைய நோட்டை விற்றுத் தருகிறோம் என்று தங்கள் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்டால் ஏமாறாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறதாம். எனக்கு அது அப்புறம்தான் தெரிந்தது. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

அதற்கு முன்னால் நான் செய்த காரியம் இன்னும் பெரிது. நோட்டு எண்பது வருஷம் மடிந்து கிடந்ததா, நாலு மடிப்பும் நன்றாகத் தெரிந்தது. ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்தேன். பளபளவென்று வந்தது. புது வேட்டி மாதிரி எடுத்துக்கொண்டு, நாகர்கோவிலில் நாணயம், நோட்டு சேகரிக்கிற ஒரு பெரியவரிடம் போனேன். வடசேரிப் பக்கம் வீடு. அவர் கையில் வாங்கவே இல்லை. மேசையில் வெள்ளைத்தாள் விரித்து அதில் வைக்கச் சொன்னார். அப்புறம் தாளோடு தூக்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். மடிப்பு இருந்த இடங்களில் மை உதிர்ந்து வெளுத்த கோடுகள் எனக்கே தெரிந்தன. தேய்த்தீர்களா என்று கேட்டார். சுருக்கமாக இருந்தது என்றேன். "நோட்டு என்ன வேட்டியா?"

மடிப்பு இருந்தால் மடிப்போடு ஒரு தரம் உண்டாம், அதற்கு ஒரு விலை. தேய்த்தால் காகிதத்தின் முறுக்கு போய்விடும், அச்சில் மேடாக நிற்கும் மை அமுங்கிவிடும், வாங்குகிறவன் ஏமாற்றப் பார்க்கிறான் என்றுதான் நினைப்பான். கழுவுவதும் அப்படித்தான், கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவது அதைவிட மோசம். சாதாரண பிவிசி பிளாஸ்டிக் கவர்கூடக் கூடாதாம், வருஷம் போகப்போகப் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டுமாம். தரம் சொல்கிற முறையைக் கேட்டால் நம் கணக்கு சார் ஞாபகம் வரும். 'வெரி ஃபைன்' என்றால் சுமாராகப் புழங்கிய நோட்டு, 'ஃபைன்' என்றால் நன்றாக நைந்தது, 'குட்' என்றால் ஏறக்குறையக் கந்தல். நம் ரேங்க் கார்டில் அவர் 'குட்' போட்டதன் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது.

என் நோட்டுக்கு முந்நூறு ரூபாய் சொன்னார், அதுவும் முகத்துக்காக. யுத்த காலத்தில் நம் நாசிக்கில் அச்சடித்து இலங்கைக்கு அனுப்பியதாம் இது, ஒரு ரூபாய் என்பதால் ஏராளம் புழங்கியிருக்கிறது. பழசு என்பதற்காக விலை வராது, எத்தனை மிச்சம், எந்த நிலையில் மிச்சம், எத்தனை பேர் தேடுகிறார்கள், அதுதான் கணக்கு என்றார். இலங்கையில் 1970-இல் 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தார்கள், ஜனங்கள் வங்கியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள், அதனால் அதற்கு முந்திய பெரிய நோட்டு ஒன்று பெட்டியில் இருந்திருந்தால் கதையே வேறு என்று எனக்காக வருத்தப்பட்டார். ஆறுதலுக்கு அவருடைய செஷல்ஸ் தீவு ஐம்பது ரூபாயைக் காட்டினார். 1968-இலிருந்து 73 வரை வந்த நோட்டு. எலிசபெத் ராணிக்குப் பின்னால் தென்னை ஓலைகள் வளைந்து வளைந்து ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதுகின்றன. என்ன வார்த்தை என்று இங்கே எழுத மாட்டேன், ஜெயா இதைப் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவாள். உனக்கு மூன்று எழுத்து போதும்.

புறப்படுகிற நேரத்தில்தான் அந்தத் துண்டை எடுத்து நீட்டினேன், தபால்தலை வாங்குவீர்களா என்று. மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இது ஸ்டாம்ப் இல்லை, பாதி நோட்டு என்றார்.

தாசு, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. 1942-இல் யுத்தத்தால் இலங்கையில் சில்லறைக்குத் தட்டுப்பாடு, காசு அடிக்க உலோகம் இல்லை. அரசாங்கம் காகிதத்திலேயே சில்லறை அடித்தது. 5, 10, 25, 50 சதம் வரை. நம் பைசா மாதிரி, நூறு சதம் அங்கே ஒரு ரூபாய். அதில் அந்த ஐந்து சத நோட்டுக்கு நடுவில் தபால்தலைக்குப் போடுவது போல ஓட்டை வரிசை. ஒரு பாதி 2 சதம், மறு பாதி 3 சதம். சாயாக்கடையில் இரண்டு சதம் கொடுக்க வேண்டுமானால் கிழித்துக் கொடு, மூன்று சதத்தை மடியில் வை. நம் பக்கம் அப்போது திருவிதாங்கூர் நாணயங்களான சக்கரமும் காசும் புழங்கிய காலம், சக்கரத்தைக் கிழிக்க முடியுமா? பாட்டாவின் பெட்டியில் இருப்பது 2 சதம். ஒரு ஓரம் மட்டும் பல் பல்லாக இருக்கிறது, நகத்தால் தடவினால் நெருடுகிறது. கிழிக்காத முழு நோட்டுக்குத்தான் மதிப்பாம், பாதிக்கு ஏதோ கொஞ்சம். அதற்காக நான் இதை எழுதவில்லை.

அந்த நோட்டில் போட்ட தேதி 1942 ஜூன் 1 என்றார் பெரியவர். எனக்கு உட்கார இடம் தேவைப்பட்டது.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டது எப்போது? ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்றைக்கே கொழும்புப் புறக்கோட்டைக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஊருக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்கு ஓடியவர் எங்கள் பாட்டா, அந்தக் கடையைத் தனியாகக் காத்தவர் உங்கள் பாட்டா. இதுதானே கதை? இதைச் சொல்லித்தானே நீ என்னை எட்டாம் வகுப்பிலிருந்து ஓட்டக்காரன் பேரன் என்று கூப்பிடுகிறாய், என் கல்யாணத்தில் பந்தி நடுவிலேகூடக் கூப்பிட்டாயே, மாமனார் என்ன ஏது என்று விசாரித்தாரே! ஏப்ரலில் ஓடி வந்தவர் பெட்டிக்குள் ஜூன் மாதத்து நோட்டு எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். உங்கள் பாட்டா பின்னால் ஊர் வந்தபோது வேடிக்கைக்காகக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். கொடுத்திருக்கலாம்தான், நானும் இரவெல்லாம் அதையே யோசித்தேன். ஆனால் பாதியை ஏன் கொடுக்க வேண்டும்? இரண்டு பேரும் ஒன்றாக இருந்து, ஒரு நோட்டைக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் மூன்று சதம் உங்கள் ஆளுக்குத்தான் போயிருக்கும், உங்கள் குடும்பத்தின் பங்கு பிரிக்கும் லட்சணம் எனக்குத் தெரியாதா. இல்லை, ஒன்றுமே இல்லாமல் ஏதோ கடையில் வாங்கிய மீதிச் சில்லறையாகவும் இருக்கலாம்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. ஓடி வந்தவர் என்று யார் சொன்னாலும் பாட்டா மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. படிப்புரையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். ஒருமுறை சைக்கிள் வாங்கித் தராத கோபத்தில் நானே அவர் முகத்துக்கு நேராக அதைச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் கிள்ளிக்கொண்டுதான் இருந்தார்.

வில்லுக்குறி வீட்டில் உங்கள் பாட்டாவின் சாமான்கள் அப்படியே இருக்கின்றன என்று அத்தை போன வருஷம் சொன்னாள். சாவியும் அவளிடம்தான். ஓணத்துக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கு, நான் பட்டாசலில் பாய் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், நீ பெட்டியைக் கவிழ்த்துத் தேடு. பஞ்சாங்கம், கணக்குப் புத்தகம், சாமிபடத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் பார். கிடைத்தால் கையால் அள்ளாதே, எச்சில் தொட்டுப் புரட்டாதே, வெள்ளைத்தாளில் வை. முக்கியமாகத் தேய்த்துவிடாதே.

சொங்கனிடம் வாய் திறக்காதே. மாலைக்குள் கோடி என்று குழித்துறை வரை சொல்லி முடித்துவிடுவான்.

இப்படிக்கு,
ஓட்டக்காரன் பேரன் (தீர்ப்பு வரும்வரை)