ஒரு டாலர் பொய்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. கிணற்று மோட்டார் சரியாகிவிட்டது. சித்தப்பா வந்திருந்தார், உன்னைத்தான் கேட்டார். பங்குச் சந்தை வியாபாரம் எப்படி என்று கேட்டால், போனில் "நல்லாத்தான் போகுது" என்று வைத்துவிடுவாய். மூன்று வாரமாக அதுவும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

நான் வகுப்பில் நடத்திய பாடம் ஒன்று. 1959-இல் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட பரிசோதனை. மாணவன் ஒரு கையால் 12 நூல் கட்டைகளைத் தட்டில் அடுக்கி, காலி செய்து, மறுபடி அடுக்க வேண்டும். அரை மணி நேரம். அடுத்த அரை மணி நேரம் பலகையிலுள்ள 48 முளைகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். முடிந்ததும், வெளியே காத்திருக்கும் பெண்ணிடம் "ரொம்ப சுவாரசியம்" என்று சொல்லச் சொன்னார்கள். சிலருக்குக் கூலி 1 டாலர், சிலருக்கு 20. உண்மையில் பிடித்ததா என்று பிறகு கேட்டார்கள். −5 முதல் +5 வரை அளவு. 20 டாலர் வாங்கியவர்கள் −0.05, 1 டாலர் வாங்கியவர்கள் +1.35. பொய்யே சொல்லாதவர்கள் −0.45.

20 வாங்கியவனுக்குப் 'பணத்துக்காகச் சொன்னேன்' என்ற சாக்கு இருந்தது. மற்றவனுக்கு இல்லை. சொன்னதை விழுங்க முடியாததால் மனசையே மாற்றிக்கொண்டான். காக்னிட்டிவ் டிசொனன்ஸ் என்பது, சொன்னதும் நினைத்ததும் ஒத்துப்போகாத இந்த உறுத்தல்தான்.

நீ கெட்டிக்காரன், கணக்கில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. கெட்டிக்காரன் கட்டும் நியாயத்தைத்தான் உடைக்கவும் முடியாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ, அதாவது வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்த வியாபாரம், செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்னது. படிக்கிற ஒவ்வொருவனும் மீதி 7-இல் போய் உட்கார்ந்துகொள்கிறான். லாபத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பான், நட்ட நாளில் ஆப்பையே திறக்க மாட்டான். விலை இறங்க இறங்க வாங்கி 'ஆவரேஜ் பண்றேன்' என்பான். போனதைக் 'கத்துக்கக் கட்டின ஃபீஸ்' என்பான்.

ஒன்று செய். புரோக்கர் தளத்தில் லாப நட்டக் கணக்கை, அந்த டாக்ஸ் பி அண்ட் எல் அறிக்கையை, முதல் வருஷத்திலிருந்து இறக்கு. பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி, புரோக்கரேஜ், ஜிஎஸ்டி எல்லாம் போன நிகரத் தொகையைப் பார். கோர்ஸுக்குக் கட்டியதையும், கடன் இருந்தால் அதன் வட்டியையும் கழி. கையால் எழுது; திரையில் பார்த்தால் கண் தாண்டிப் போய்விடும். பிறகு, 'இந்தப் பணம் இன்றைக்கு ரொக்கமாகக் கையில் இருந்தால் இதையே இன்று வாங்குவேனா?' என்று கேட்டுக்கொள். பதிலையும் எழுது. டெலிகிராம் குரூப்பில் கேட்காதே, அவர்களும் பணம் போட்டவர்கள்தான். சாப்பிட்டுவிட்டு உட்கார், வெறும் வயிற்றில் வேண்டாம்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கல்யாண வீட்டில் உன்னை நிற்க வைத்து, "வீட்டிலிருந்தே எப்படிச் சம்பாதிக்கிறான்னு கேளுங்க" என்றவள் நான்தானே. நாலு பேர் முன்னால் சொல்லிவிட்ட வார்த்தையிலிருந்து இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டவள். அன்றைக்குத் தெரியாமல் இல்லை. பெருமை கண்ணை மறைத்தது. வளையலைக் கொடுத்த பிறகு இன்னும் மோசம். கொடுத்துவிட்டேன், அதனால் நீ சரியாகத்தான் செய்கிறாய் என்று நம்பினேன். கேட்டிருக்க வேண்டியதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வளையல் விஷயம் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இந்த வாரம் நானே சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம்.

சித்தப்பாவிடம், நான் கொஞ்சம் கூட்டித்தான் பேசினேன் என்று சொல்லிவிட்டேன். சிரித்தார். இனி யாருக்கும் நீ எதையும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடியலில் வந்துவிடலாம். அந்தக் காகிதத்தை மட்டும் எடுத்து வா, தொகை எவ்வளவானாலும். சாப்பிடாமல் ஏறாதே.

அம்மா