மங்கில் சொட்டிய பால்

பினாங்கு
ஜூன் 22

அன்புள்ள மச்சானுக்கு,

நலம்தானே? பூமியின் வயதை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று போன வாரம் புலனத்தில் (வாட்ஸ்அப்) நீ அனுப்பிய காணொளியை இரண்டு தடவை பார்த்தேன். பதிலைக் கைப்பேசியில் தட்டலாம் என்றால் கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை, கண்ணாடியும் மாற்றவேண்டியிருக்கிறது. அதனால் தாளும் பேனாவும். உன் பேரன் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. எனக்கு மூட்டுவலி குறைந்தபாடில்லை. வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் பாலிக் புலாவில் டுரியான் விழ ஆரம்பித்துவிட்டது, அதனால் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. மகள் பாயான் லெப்பாஸில் வீடு வாங்கிவிட்டாள். போன மாதம் புதுமனை புகுவிழா. நீ வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள், நான்தான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

உன் காணொளிக்கான பதில் அந்தப் பூசையிலேயே கிடைத்துவிட்டது. குருக்கள் சங்கல்பம் சொல்லும்போது என்றைக்காவது காதுகொடுத்துக் கேட்டிருக்கிறாயா? அது காலத்தில் நமக்கு ஒரு விலாசம். சுவேதவராக கல்பம் என்கிற பிரம்மாவின் பகல், அதில் வைவஸ்வத மன்வந்தரம் என்கிற ஏழாவது பிரிவு, இருபத்தெட்டாவது மகாயுகத்தின் கலியுகம், அதில் முதல் பாதம் என்று படிப்படியாக இறங்கி, அன்றைய திதி, நட்சத்திரம், கடைசியில் என் மகள் பேர். பிரம்மாவின் பகலில் தொடங்கிப் பாயான் லெப்பாஸ் பதினோராவது மாடியில் வந்து நின்றார் மனுஷன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓமப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

உன் காணொளிக்காரர் என்ன சொல்கிறார்? பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, விஞ்ஞானிகள் பூமிக்குச் சொல்லும் வயது 454 கோடி, ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். நீயும் கீழே மூன்று கும்பிடு போட்டு அனுப்பியிருந்தாய். சரி, அவர் பிடித்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 432 கோடி என்பது முழுப் பகலுக்கு. நாம் இன்னும் அந்தப் பகலுக்குள்தானே இருக்கிறோம்? எவ்வளவு கழிந்தது என்பதைத்தான் குருக்கள் சொன்னாரே. ஆறு மன்வந்தரம் முடிந்து ஏழாவது நடக்கிறது. ஒரு மன்வந்தரத்துக்கு 71 மகாயுகம், ஒரு மகாயுகத்துக்கு 43,20,000 ஆண்டு, ஏழாவதில் 27 மகாயுகம் போய்விட்டது. நடுவில் வரும் சந்திகளையும் சேர்த்துப் பேத்தி கூட்டிப் பார்த்தாள். படிவம் நான்கு படிக்கிறாள், கணக்கில் புலி. 197 கோடியே சொச்சம். பூமியின் வயதில் பாதிகூட வரவில்லை! இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் காணொளிக்காரர் முழு மாதத்துக்கும் எத்தனை நாள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, அந்த 454 எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் ரப்பர்த் தோட்டத்தை நினைத்துக்கொள். அம்மா இருட்டோடு மரம் வெட்டப் போவார், அதாவது பட்டையைக் கீறிப் பால் வடிய விட. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நாம் பின்னாலேயே, பால் சொட்டுகிற கிண்ணமான மங்கைத் துடைத்துக்கொண்டு போவோம். ஒன்பது மணிக்குக் கங்காணி மர வரிசையில் நடந்துவந்து மங்குக்குள் எட்டிப் பார்ப்பார். "இந்த மரத்தை ஏழு மணிக்குத்தானே வெட்டினே?" என்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வார். வெட்டும்போது மங்கு காலி என்பது கங்காணிக்குத் தெரியும். முதலில் வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் சொட்டும் என்பதும் தெரியும். எவ்வளவு நிற்கிறது என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

கல்லுக்குள் இருக்கிற யுரேனியம் என்ற உலோகம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறும், இப்படித்தான் சொட்டுகிறது. யுரேனியம் 238 என்ற வகையில் பாதி ஈயமாக 447 கோடி ஆண்டு, மிச்சத்தில் பாதிக்கு இன்னொரு 447 கோடி. சிர்க்கான் என்று ஒரு படிகம், மணலை விடச் சின்னது. உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அண்டவிடாது. அதாவது மங்கு காலி. அதற்குள்ளேயே யுரேனியம் 235 என்ற இன்னொரு வகையும் இருக்கிறது, பாதியாக 70 கோடி ஆண்டுதான். ஒரே மரத்தில் இரண்டு மங்கு, இரண்டு வேகம். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் கங்காணியை நம்பலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜேக் ஹில்ஸில் கிடைத்த சிர்க்கான் ஒன்று 440 கோடி ஆண்டு காட்டியிருக்கிறது.

முழுப் பூமிக்கும் அப்படி ஒரு காலி மங்கு கிடையாது. முதலிலேயே கொஞ்சம் ஈயம் இருந்தது. எவ்வளவு என்று தெரியாமல் கணக்குப் போட முடியாது. கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கர் அதை விண்கல்லில் பிடித்தார். அரிசோனாவில் பெரிய பள்ளம் பறித்த இரும்புக் கல்லில் ஈயம் உண்டு, யுரேனியம் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே பிறந்தபோது இருந்த ஈயம் அப்படியே இருக்கிறது. ஆனால் மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் என்னாகும் என்று உனக்குத் தெரியும். அவருக்குக் காற்றில், தூசியில், தன் தலைமுடியில்கூட ஈயம். ஆய்வுக்கூடத்தைத் தேய்த்துத் தேய்த்தே வருடங்கள் போயின. 1953-இல் விடை வந்ததும் நேரே அயோவாவில் அம்மா வீட்டுக்குப் போய், மாரடைப்பு மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்றாராம். 1956-இல் 455 கோடி, ஏழு கோடி முன்பின் என்று அச்சில் வந்தது. அந்த ஈயமெல்லாம் பெட்ரோலிலிருந்து வருகிறது என்று தெரிந்தபின் எண்ணெய்க் கம்பெனிகளோடு மல்லுக்கட்டினார் பார், எனக்கு அவருடைய பூமிக் கணக்கைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.

கிரகங்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லில் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் இருக்கின்றன. அந்த வகைத் துகளுக்கு 456.7 கோடி ஆண்டு, சூரிய மண்டலத்தில் முதலில் கெட்டியானவை அவை. அப்புறம்தான் செவ்வாயும் வியாழனும் பூமியும். செவ்வாய் தோஷத்தால் உன் சின்ன மகளுக்கு எத்தனை வரன் தட்டிப்போனது! நாம் சுற்றிவருகிற ஒன்பதில் நாம் நிற்கிற பூமி இல்லை, கவனித்தாயா? ராகு கேதுவின் வயதை மட்டும் என்னிடம் கேட்காதே.

வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்தான் என்று நீ பேரனிடம் சொன்னாயாம், அவன் என் பேத்திக்கு எழுதியிருக்கிறான். வெள்ளைக்காரனும் தடுக்கி விழுந்தவன்தான். 1650-இல் அஷர் என்ற அயர்லாந்து பேராயர் வேதாகமத்தில் வரும் ஆண்டுகளைக் கூட்டி, உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004 என்றார். 1862-இல் கெல்வின், அந்தக் காலத்துப் பெரிய விஞ்ஞானி, பூமி ஆறுகிற வேகத்தை வைத்து 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில் என்றார். கணக்கில் தப்பில்லை, பூமியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் போட்டார். தப்பு என்று காட்டியதும் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நாளைக்கு 454-ஐ 455 என்று மாற்றினால் உன் காணொளிக்காரர் பிரம்மாவின் பகலை நீட்டுவாரா? எனக்கு எரிச்சல் அங்கேதான். சங்கல்பம் கேட்டு நான் கலங்கியதற்கு யாருடைய ஆய்வுக்கூடச் சீட்டும் வேண்டியிருக்கவில்லை. அதற்குப் போய்ச் சீட்டு வாங்கித் தருகிறேன் என்கிறார் அவர்.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் 513 படியும் ஏறினேன், நடுவில் நாலு தடவை உட்கார்ந்து. பினாங்குக் கருங்கல் பூமிக்கு அடியில் உருகி ஆறியது, சுமார் 20 கோடி ஆண்டு. உன் ஜன்னலில் தெரிகிற பத்துமலை கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல், சுமார் 40 கோடி. உங்கள் முருகன்தான் சீனியர் என்று நீ இனி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாய். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஜூலை முடியுமுன் வா. ரயிலேறிப் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரியில் வந்தால் துறைமுகத்தில் மருமகன் காத்திருப்பான். நாம் லயத்து வாசலில் பால் சுமக்கிற காண்டா வாளியோடு நிற்கிற படம் உன்னிடம்தானே இருக்கிறது? எடுத்து வா. அந்த மங்கு எவ்வளவு பெரியது என்று பேத்தி கேட்கிறாள். நான் கையால் காட்டியதை அவள் நம்பவில்லை.

அன்புடன்,
உன் பினாங்கு மச்சான்