வெள்ளியை உருக்கிய கரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மேற்கின் வெள்ளிச் சுரங்கங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை சுவையாக இருந்தது. முதலாளிகள், சூதாட்ட விடுதிகள், துப்பாக்கிச் சண்டைகள் எல்லாம் வந்துவிட்டன. கரி சுட்டவர்கள் மட்டும் வரவில்லை. கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் (டெத் வேலி) உள்ள வைல்ட்ரோஸ் கரிச்சூளைகளின் படத்தைப் போட்டு, 'முன்னோடிகளின் நினைவுச்சின்னம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

1877இல் கட்டிய அந்தப் பத்துச் சூளைகளும் இரண்டு மூன்று வருடம்தான் புகைந்தன. இன்றும் குலையாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே சுட்ட கரி, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஈய-வெள்ளி உலைகளுக்குப் போனது. பக்கத்தில் நிலக்கரி கிடையாது; கனிமத்தை உருக்கும் அளவுக்கு வெறும் விறகில் சூடு ஏறாது. பின்யன் பைன் மரத்தை வெட்டி அடுக்கி, காற்றுத் துளைகளைத் திறந்தும் அடைத்தும் நாள்கணக்கில் காவல் இருக்க வேண்டும். காற்று கூடிப்போனால் மிஞ்சுவது சாம்பல்தான். பக்கத்து மாநிலமான நெவாடாவில் வார்டு என்ற ஊரருகே நிற்கும் ஆறு சூளைகளில், ஒன்றை ஒருமுறை நிரப்பவே ஏறக்குறைய 4,500 கன அடி விறகு பிடிக்கும்.

இவ்வளவு மரம் எங்கிருந்து வரும்? அதே நெவாடாவில், வெள்ளி உலைகள் இருந்த யுரேகா நகரைச் சுற்றி 1878 வாக்கில் 50 மைல் தூரத்துக்கு மலைகள் மொட்டையாகிவிட்டன. பின்யன் கொட்டை அங்குள்ள ஷோஷோனி பழங்குடி மக்களின் குளிர்கால உணவு. அவர்கள் இழப்பை எந்த உலைக்காரரும் கணக்கில் எழுதவில்லை.

யுரேகாவில் கரி சுட்டவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர், இத்தாலி மொழி பேசிய சுவிஸ்காரர். மரம் தூரமாகத் தூரமாக வண்டிக்கூலி ஏறியது. உலைகளோ விலையைக் குறைக்கப் பார்த்தன. புஷல் (ஒரு முகத்தல் அளவை) ஒன்றுக்கு 30 சென்ட் கேட்டு, 1879 கோடையில் கரித் தொழிலாளர்கள் சங்கம் வைத்துக் கரி வண்டிகளை மறித்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஃபிஷ் கிரீக் என்ற இடத்தில் துணை ஷெரீஃபின் (உள்ளூர்க் காவல் அதிகாரி) ஆட்கள் துப்பாக்கியால் சுட்டதில் கரித் தொழிலாளர்கள் ஐந்து பேர் செத்தார்கள். துப்பாக்கி எடுத்தவர்கள் யாருக்கும் தண்டனை இல்லை. தகராறு சில சென்ட் காசுக்குத்தான்!

கட்டுரை 'தொடரும்' என்று முடிந்திருக்கிறது. அடுத்த பகுதியில் யுரேகா வருமானால், உலை முதலாளிகளின் லாபத்தோடு ஃபிஷ் கிரீக்கையும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட விளக்கத்தையும் மாற்றலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேனி