தலைமாட்டு மணி

ஆசிரியருக்கு,

வணக்கம். அரசியல்வாதிகள் தசராஜ தர்மத்தை, அதாவது ஆள்பவனுக்குப் பௌத்தம் சொல்லும் பத்துக் கடமைகளை, படித்து நடந்தாலே நாடு திருந்திவிடும் என்று சென்ற ஞாயிறு இதழில் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்தப் பத்துத் தர்மங்களின் பெயரையும் இந்த நாட்டில் மேடை போட்டுச் சொல்லி முடித்தாயிற்று.

1977 பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தன ‘தர்மிஷ்ட சமுதாயம்’, அதாவது அறவழி நிற்கும் சமுதாயம், அமைப்பேன் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார். 168 ஆசனங்களில் 140 கிடைத்தன. அடுத்த மாதமே தமிழர்களுக்கு எதிரான கலவரம். தசராஜ தர்மத்தில் கடைசியாக வருவது அவிரோதம். மக்களின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்காதிருப்பது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அவரோ 1982இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, இருந்த பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடத்துக்கு நீட்டினார். தன் கட்சி எம்.பி.க்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களும் வாங்கி வைத்திருந்தார். 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரியத் தொடங்கி நாலு நாள் கழித்துத்தான் நாட்டு மக்களிடம் பேசினார். வீடு வாசல் இழந்தவர்களுக்கு அந்தப் பேச்சில் ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை. தர்மம் தெரியாத மனிதரா அவர்?

சரி, மதம் ஆள்பவனுக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லையா என்றால், தந்திருக்கிறது. இலங்கையின் பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சத்திலேயே இருக்கிறது, அதுவும் ஒரு தமிழ் மன்னனைப் பற்றி. எல்லாளன் தன் கட்டிலின் தலைமாட்டில் மணி கட்டி, நீண்ட கயிற்றை வெளியே விட்டிருந்தானாம். நீதி வேண்டியவர் யாரும் வந்து இழுக்கலாம். தன் மகனின் தேர்ச்சில்லில் கன்று இறந்ததும், தாய்ப்பசு மணி அடிக்க, அதே சில்லால் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான். திருவாரூரில் மனுநீதிச் சோழனுக்குச் சொல்கிற அதே கதை.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. பிக்குகளை அழைக்கப் போன இடத்தில் அவனுடைய தேரின் நுகம் இடித்து ஒரு தூபி சேதமாகிவிடுகிறது. வேண்டுமென்று செய்ததல்ல, அவன் பௌத்தனும் அல்ல. ஆனாலும் இறங்கித் தெருவில் விழுந்து, ‘என் தலையையும் இந்தச் சில்லால் துண்டியுங்கள்’ என்கிறான். எங்கள் குருவான புத்தர் அதற்கு இடம் தரமாட்டார், தூபியைத் திருத்திக் கொடுத்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். பெயர்ந்த பதினைந்து கற்களுக்காகப் அந்தக் கால நாணயத்தில் பதினைந்தாயிரம் கஹாபணம் செலவழிக்கிறான். சிங்கள மன்னன் துட்டகைமுனுவைக் காவிய நாயகனாக்கிய நூல், அவன் வென்ற எதிரியைப் பற்றி எழுதுவது இது. எல்லாளன் ‘பொய்யான நம்பிக்கை’ உடையவன் என்று ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் எழுதுகிறது என்பது வேறு விஷயம்.

இந்தக் கதைகள் நடந்தனவா என்று நான் வாதாட வரவில்லை. மணி கட்டியிருந்தது ஊராரின் கழுத்தில் அல்ல, அரசனின் தலைமாட்டில். தூக்கம் கெடுவது அவனுக்கு. நம்முடைய தலைவர்களோ தேர் இழுக்க வருகிறார்கள், விகாரையில் பூத்தட்டு ஏந்துகிறார்கள், மடு மாதா கோவிலில் முழந்தாளிடுகிறார்கள். அது அவரவர் பக்தி, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதைக் காட்டி என்னிடம் வாக்குக் கேட்கக் கூடாது.

ஒரு காணி உறுதிக்காக நான் பதினொரு மாதம் ஓர் அரச அலுவலகத்துக்கு அலைந்தேன். பொதுமக்களைச் சந்திக்க ஒதுக்கிய ‘பொதுமக்கள் தினம்’ பார்த்துப் போனாலும் ‘ஐயா கூட்டத்தில் இருக்கிறார்’ என்பார்கள். ஐயாவின் அறைச் சுவரில் எல்லா மதப் படங்களும் வரிசையாக மாட்டியிருக்கும். மேசையில் ஒரு மணியும் உண்டு. பியோனைக் கூப்பிட ஐயா அடிப்பது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வவுனியா