செந்தளிர்க் கன்றை நோய்ச் செடி என்று வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வால்பாறையில் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயனில் பிறந்து, இங்கேயே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் சோலைக் காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று அடிக்காட்டை மொத்தமாக வெட்டிப் போட்டார்கள். பெரிய மரங்களைத் தொடவில்லை, சரி. ஆனால் வெட்டிக் கிடந்த குவியலில், மணக்கும் பிசின் தரும் காட்டு மரமான கருங்குங்கிலியத்தின் இடுப்பு உயரக் கன்றுகள் ஏழெட்டு கிடந்தன, தளிர் செக்கச்செவேல் என்று வாடாமல் அப்படியே இருந்தது. வெட்டியவரைக் கேட்டேன். "இலை சிவந்து கிடந்துச்சு டீச்சர், நோய் விழுந்த செடின்னு நினைச்சேன்" என்றார். இந்தக் கன்றின் தளிர் இயல்பிலேயே சிவப்பு, நோய் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தேயிலைத் தோட்டங்கள் பரவும் முன் இந்த மலையில் பெரும்பகுதி மழைக்காடு. இன்று எஸ்டேட்டுகளுக்குள் துண்டு துண்டாக நிற்கிறது. கருங்குங்கிலியத்தின் பட்டையில் தார் மாதிரி வடிந்து உறையும் பிசினை இந்த மலையின் பழங்குடிகளான காடர்கள் எடுத்து வருவார்கள், என் பாட்டி அந்தியில் ஒரு துண்டைத் தணலில் போட்டால் லயன் முழுக்க மணக்கும். அடிமரத்தில் தீ மூட்டிப் பிசின் எடுத்ததில் பட்டுப்போன மரங்கள் உண்டு, தீப்பெட்டிக்கும் பெட்டிப் பலகைக்கும் போனவையும் உண்டு. பழத்தை விழுங்கிக் கொட்டையை வேறிடத்தில் கக்குவது இருவாச்சிப் பறவை. கல் மாதிரியான அந்தக் கொட்டை முளைத்து இடுப்பளவு வளர்ந்ததைத்தான் ஒரே காலையில் சாய்த்துவிட்டார்கள்.

தனியார் நிலமானாலும் மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். கன்றை யார் எண்ணுகிறார்கள்? நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இங்கே சில எஸ்டேட்டுகளோடு சேர்ந்து இருபது வருடத்துக்கு மேலாகக் காட்டு மர நாற்றுகளை வளர்த்து நடுகிறது. அவ்வளவு பாடுபட்டு ஒரு பக்கம் நட்டுக்கொண்டிருக்கும்போது, தானாக முளைத்ததை இன்னொரு பக்கம் வெட்டுவது தாங்கவில்லை.

வனத்துறையும் எஸ்டேட் நிர்வாகங்களும் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். சோலைக்குள் அடிக்காட்டை விட்டுவைக்கட்டும், கத்தி பிடிக்கிறவர்களை ஒருநாள் கூட்டிப்போய்ச் சிவந்த கன்றைக் காட்டட்டும். அந்தச் சோலையின் மேல் பக்கத்தை மழைக்கு முன் வெட்டப் போவதாகச் சொல்கிறார்கள். அதற்குள் யாராவது வந்து பாருங்கள், அங்கே இன்னும் நான்கு கன்றுகள் நிற்கின்றன.

– ஒரு வாசகி, வால்பாறை