உள் டிக்‌ஷனரி மாறினால் அப்சர்வருக்கு ஏன் தெரிவதில்லை?

அன்புள்ள சேகர்,

உன் மெயில் வந்து கொஞ்ச நாள் ஆகிவிட்டது, வீடு மாற்றுகிற அலைச்சலில் பதில் எழுத உட்காரவே முடியவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, அதனால் தரைத்தளமாகத் தேடிப் பிடித்தோம், இப்போது அவர்களே கடைக்குப் போய்வருகிறார்கள்.

சரி, உன் ஐபோன் ஆப்பின் கோடுக்கு வருகிறேன். ‘செட்டிங்ஸ்’ டிக்‌ஷனரிக்குள் (கீ-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) இருக்கிற இன்னொரு டிக்‌ஷனரியில் எழுத்தளவு மாறுகிறது, திரை மட்டும் அப்படியே நிற்கிறது, மதிப்பு மாறினால் அதைக் கவனிக்கிற அப்சர்வருக்குத் தகவல் சொல்ல வேண்டிய கேவிஓவே பழுது என்று திட்டியிருந்தாய். பழுதெல்லாம் இல்லைடா. அப்சர்வர் போட்டதும் ரன்டைம் (ஆப் ஓடும்போது பின்னால் இயங்கும் அமைப்பு) உன் கிளாஸுக்கு ‘என்எஸ்கேவிஓநோட்டிஃபையிங்’ என்று தொடங்கும் ஒரு சப்கிளாஸை உருவாக்கி, ஆப்ஜெக்டை அதற்குள் தள்ளிவிட்டு, ‘செட்டிங்ஸ்’ ப்ராப்பர்ட்டியின் செட்டரை, அதாவது அதற்குப் புது மதிப்பு வைக்கும் மெத்தடை, மறித்துக்கொள்கிறது. நீயோ செட்டர் பக்கமே போகவில்லை. உள்ளே இருக்கிற ‘டிஸ்ப்ளே’ டிக்‌ஷனரியை எடுத்து அதில் ‘ஃபான்ட்சைஸ்’ கீயை மாற்றுகிறாய். வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்கு அடுக்களையில் பாத்திரம் இடம் மாறியது எப்படித் தெரியும்?

எல்எல்டிபி டீபக்கரில் நிறுத்தி, ஆப்ஜெக்டின் ‘அப்சர்வேஷன்இன்ஃபோ’வை பிஓ (ஆப்ஜெக்டை அச்சிடும் கட்டளை) போட்டுப் பார், எந்தக் கீபாத்துக்கு (புள்ளி வைத்துக் கோத்த கீகளின் வரிசை) யார் காத்திருக்கிறார்கள் என்று வந்துவிடும். கீபாத்தை ‘செட்டிங்ஸ்.டிஸ்ப்ளே.ஃபான்ட்சைஸ்’ என்று கடைசி வரை எழுது, மதிப்பை ‘செட்வேல்யூ ஃபார்கீ’ வழியாக மாற்று, திரை நகரும். மாறப்போகிறது, மாறிவிட்டது என்று அறிவிக்கிற ‘வில்சேஞ்ச்’, ‘டிட்சேஞ்ச்’ இரண்டையும் கையால் அழைத்தும் ஒப்பேற்றலாம், ஆனால் பழைய மதிப்பு, புதிய மதிப்பு என்று உனக்கு வருவது இரண்டும் ஒரே டிக்‌ஷனரிதான், எது மாறியது என்று அதைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

புதிதாக இன்ஸ்டால் செய்த போனில் மட்டும் எதுவுமே சேமிக்கவில்லை என்றாயே, அது வேறு கதை. அங்கே ‘டிஸ்ப்ளே’ டிக்‌ஷனரியே இன்னும் பிறக்கவில்லை. ‘செட்வேல்யூ ஃபார்கீபாத்’ நடுவில் நில்லை, அதாவது வெறுமையை, பார்த்தால் எர்ரரும் கொடுக்காது, கிராஷும் ஆகாது, பேசாமல் போய்விடும். அப்புறம் ஆப்பின் அமைப்புகளைச் சேமிக்கிற யூசர்டிஃபால்ட்ஸில் மியூட்டபிளை (மாற்றக்கூடியதை) போட்டாலும் திரும்ப வருவது இம்மியூட்டபிள்தான் (மாற்ற முடியாதது). நீ மியூட்டபிள்காபி எடுப்பது வெளி டிக்‌ஷனரிக்கு மட்டும், உள்ளே இருப்பது பழையபடியே. அதை மாற்றப் போனதால்தான் நீ எழுதியிருந்த அந்த எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை). ஆமாம், கீயின் பெயரிலேயே புள்ளி இருந்தால் கீபாத் அதையும் உடைத்துவிடும், உன் சர்வர் அனுப்புகிற கீகளில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்.

என்னைக் கேட்டால் இந்த டிக்‌ஷனரிக்குள் டிக்‌ஷனரியையே தூக்கிவிட்டு, ‘டிஸ்ப்ளேசெட்டிங்ஸ்’ என்று ஒரு சின்ன கிளாஸ் எழுதிவிடு. ஸ்பெல்லிங் தப்பினால் கம்பைலரே கத்தும். உன் மேனேஜர் ரிலீஸுக்கு முன்னால் இதற்கெல்லாம் நேரம் தரமாட்டார், தெரியும், அதுவரை மேலே சொன்ன கீபாத்தை வைத்து ஓட்டு.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாயா? டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல், சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
பாலு